வரைபு கீற எத எடுக்கிற: ஸ்டொப்வோச்சா, டிக்கர் ரைமரா, போனா?

எங்கட வீட்டு விறாந்தையில பின்னேரம் நாலு பிள்ளையள் வந்து படிக்கிறாங்க. ரியூசன் எண்டு சொல்ல ஏலாது, அக்காட மகன், அவன்ட கூட்டாளிமார் ரெண்டு பேர், பக்கத்து வளவுப் பொம்பிளைப் பிள்ளை ஒண்டு, அவ்வளவுதான். எல்லாரும் ஓஎல், சாதாரண தரச் சோதினைக்குப் படிக்கிற ஆக்கள். கணக்கு ஒரு மாதிரிப் போகுது, விஞ்ஞானத்துல நேர்கோட்டு இயக்கம் வந்தா மட்டும் முகம் மாறுது. சூத்திரம் கேட்டா பாட்டுப் போலச் சொல்லுவாங்க, ஒரு வரைபக் காட்டி இந்த இடத்துல இவன் என்ன செய்றான் எண்டு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கிற இல்ல.

போன மாசம் ஒண்டு கேட்டுப் பாத்தன். இடப்பெயர்ச்சி நேர வரைபு ஒண்டு, அதுல ரெண்டு கோடு, ஒண்டு சைக்கிள்ல வாறவன், மத்தது நடந்து வாறவன், நடக்கிறவன் முதலே வெளிக்கிட்டிட்டான், சைக்கிள்காரன் பிந்தித்தான் வாறான், ரெண்டு கோடும் ஒரு இடத்துல வெட்டுது. வெட்டுற இடத்துல ரெண்டு பேருக்கும் என்ன சமன் எண்டன். மூண்டு பேர் வேகம் எண்டாங்க, நாலாவது ஆள் மத்தவங்கட முகத்தப் பாத்திட்டு அவளும் வேகம் எண்டாள். அங்க சமனா இருக்கிறது அவங்க நிக்கிற இடம் மட்டும்தான். அந்த இடத்துலதான் சைக்கிள்காரன் மத்தவன முந்துறான், ரெண்டு பேர்ட வேகமும் ஒண்டெண்டா எப்பிடி முந்துற? வேகம் வேணுமெண்டா கோடு எவ்வளவு சரிஞ்சு நிக்குது எண்டு, அதான் படித்திறன், அதப் பாக்கணும். பிள்ளையள் பாக்கிறது உயரத்த.

இது எங்கட பிள்ளையளுக்கு மட்டும் வந்த வருத்தமில்ல. அமெரிக்காவுல வாஷிங்டன் யுனிவர்சிட்டில லிலியன் மெக்டெர்மொட்டும் அவவோட சேந்த ஆக்களும் 1987இல எழுதின கட்டுரையில இதே பிழையக் காட்டியிருக்காங்க, அதுவும் யுனிவர்சிட்டிப் பிள்ளையள் செஞ்ச பிழை. அதப் படிச்ச பொறகு எனக்குக் கொஞ்சம் மனம் ஆறிச்சு.

சரி, கொப்பிய மூடி வச்சிட்டு இவங்களே ஒரு இயக்கத்த அளந்து இவங்கட கையால வரைபு கீறட்டும் எண்டு நினைச்சன். எதால அளக்கிற எண்டதுலதான் இழுபறி. ஏஎல், அதான் உயர்தரம், படிப்பிக்கிற மச்சான் சொல்றார் போன்ல சென்சர் இருக்கு அதப் பாவி எண்டு, பழைய ரீச்சர் ஒராள் சொல்றா டிக்கர் ரைமர், அதான் கடதாசி நாடாவுல நேரத்துக்கு நேரம் புள்ளி போடுற கருவி, அது இல்லாம இந்தப் பாடமே இல்ல எண்டு, பிள்ளையளக் கேட்டா யூடியூப்ல பாப்பம் எண்டிட்டு விடுறாங்க. எல்லாத்தயும் ஒருக்கா ஒருக்கா செஞ்சு பாத்திட்டுத்தான் எழுதுறன், டிக்கர் ரைமர் மட்டும் நான் படிச்ச காலத்துல பாத்தது.

யூடியூப்ப முதல்லயே தள்ளிட்டன். வீடியோ கூடாதெண்டு இல்ல, சிலது நல்ல வடிவாச் செஞ்சிருக்காங்க, ஆனா தமிழ்ல தேடினா வாறதுல கனக்க இந்தியாக்காரர்ட வீடியோ, அங்க சொல் வேற. எங்கட புத்தகத்துல கதி, வேகம், ஆர்முடுகல். அவங்கட புத்தகத்துல வேகம், திசைவேகம், முடுக்கம். அவங்க வேகம் எண்டு சொல்றது எங்கட கதி, நாங்க வேகம் எண்டு சொல்றது அவங்கட திசைவேகம். ஏற்கெனவே குழம்பி இருக்கிற பிள்ளைக்கு இத விடப் பெரிய குழப்பம் வேற வேணுமா? மருமகன் ஒரு கிழமையா வேகத்துக்குத் திசை இல்ல எண்டு நிண்டு வாதாடினான், எங்க படிச்ச எண்டு கேட்டா போனக் காட்டுறான். கம்பியூட்டர்ல மனிசன நடக்க விட்டு வரைபு கீறுற சிமுலேசனும் இருக்கு, கொலராடோ யுனிவர்சிட்டில 2002இல கார்ல் வீமன் தொடங்கின ஃபெட் எண்ட திட்டத்துலயும் ஒண்டு இருக்கு, அந்த மனிசன் 2001இல பௌதிகவியலுக்கு நோபல் பரிசு எடுத்தவர். நல்ல சாமான்தான். ஆனா அதுல எல்லாம் சுத்தமா இருக்கு, அளக்கிற ஆளும் இல்ல, பிழையும் இல்ல. எனக்குப் பிழை வேணும். ஏன் எண்டு பொறகு விளங்கும்.

முதல் செஞ்சது நடக்கிறதுதான். செலவு ஒண்டுமில்ல, மேசன்மார் வச்சிருக்கிற டேப் ஒண்டும் போனும் காணும். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைக்குப் போனம், கச்சான் காத்து அடிக்கிற நாள், கொப்பியப் பிடிச்சு வைக்கிறதுக்கே ஒராள் வேணும் போல இருந்திச்சு. தண்ணி பட்டு இறுகிக் கிடக்கிற மணல்ல நேரா ஒரு கோடு இழுத்து 5 மீற்றருக்கு ஒரு தென்னமட்டைத் துண்டு குத்தினம், 20 மீற்றர் வரைக்கும். ஒராள் நடக்கிற, ஒராள் கால் மட்டையத் தாண்டக்குள்ள "ஆ" எண்டு கத்துற, ஒராள் ஸ்டொப்வோச்சுல ஒவ்வொரு நேரத்தயும் பிடிக்கிற லாப் பட்டன அமத்துற, ஒராள் எழுதுற. நாலு பேருக்கும் வேலை இருக்கு, சும்மா நிக்க ஆளில்ல, அது ஒரு பெரிய விசயம்.

மருமகன நடக்க விட்டன். நேரா 20 மீற்றர் போய் கொஞ்சம் நிண்டு, மறுகா கிறுகி 10 மீற்றர் மட்டைக்கு வேகமா வரச் சொன்னன். எழுதின கணக்கு இது: 5 மீற்றர் 4.1 செக்கன், 10 மீற்றர் 8.0, 15 மீற்றர் 12.2, 20 மீற்றர் 16.1. அங்க நிண்டு 22.3இல கிறுகினான், 15 மீற்றர் மட்டையத் தாண்டக்குள்ள 24.6, 10 மீற்றர் மட்டையில 27.0.

கொப்பில கீற முதல் மணல்லயே குச்சியால ஒவ்வொருத்தரும் கீறிக் காட்டுங்க எண்டன். இந்த வேலையத்தான் நான் எல்லாத்தயும் விடப் பெரிசா நினைக்கிறன், ஏனெண்டா பிள்ளைட தலைக்குள்ள என்ன இருக்கெண்டு அந்த மணல்லதான் தெரிஞ்சிச்சு. மருமகன் கோட்ட நல்லா மேல கொண்டு போனான், மறுகா தான் கிறுகி வந்தது நினைவு வந்து கோட்டயும் கிறுக்கி இடப்பக்கமா இழுத்திட்டான். தான் நடந்த வழியக் கீறுறான், வரைபக் கீறல்ல.

"மகன், கோடு இடப்பக்கம் போகுதே, அப்ப நேரமும் கிறுகிச்சா?" எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் மணலப் பாத்தான், பொறகு லாப் அமத்தினவள்ட போனப் பாத்தான். "மணி பின்னுக்குப் போகாதே மாமா" எண்டிட்டு காலால அழிச்சுப் போட்டு கோட்ட வலப்பக்கமா, ஆனா கீழ இறங்குற மாதிரிக் கீறினான். நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. மத்த ரெண்டு பொடியன்மாரும் தங்கட கோட்டயும் அழிச்சாங்க. பிள்ளை மட்டும் வேற பிழை விட்டிருந்தாள், அவன் நிண்ட 6 செக்கனுக்கும் அவள் ஒண்டும் கீறாம இடைவெளி விட்டிருந்தாள். அவன் நிண்டா எங்க நிண்டான் எண்டு கேட்டன், 20இல எண்டாள், 17வது செக்கன்ல எங்க நிண்டான், 20இல, 21வது செக்கன்ல, 20இல, அப்ப புள்ளி எல்லாம் எங்க வரும் எண்டு கேக்க முதலே கிடைக்கோடு கீறிட்டாள்.

அந்த ஏழு எண்ணிலயே பாடம் கனக்க இருக்கு. போகக்குள்ள 20 மீற்றர் 16.1 செக்கன், வேகம் 1.24. வரக்குள்ள 10 மீற்றர் 4.7 செக்கன், 2.1க்குக் கிட்ட, ஆனா மற்றப் பக்கம், அதனால மறை. மொத்தமா நடந்த தூரம் 30 மீற்றர், சராசரிக் கதி 30ஐ 27ஆல பிரிச்சா 1.1. இடப்பெயர்ச்சி 10 மீற்றர்தான், சராசரி வேகம் 0.37. அதே நடை, ரெண்டு விடை, ரெண்டும் சரி. இதப் புத்தகத்துல பத்துத்தரம் வாசிச்சும் ஏறாத தலை மணல்ல ஒருக்கா நடந்த பொறகு ஏறிச்சு எண்டு நான் சத்தியம் பண்ணல்ல, அடுத்த நாள் ஒருத்தன் மறந்திட்டான், ஆனா "நீ கடற்கரையில திரும்பி வந்தாயே" எண்டு சொன்ன உடனே பிடிச்சிட்டான். அந்தப் பிடிதான் வேணும்.

இன்னொண்டு நடந்திச்சு. எழுதினவன் இடைவெளிகளக் கழிச்சுப் பாத்தான், 4.1, 3.9, 4.2, 3.9. "மாமா இவன் ரெண்டாவது துண்டுல வேகமா நடந்து மூண்டாவதுல அமர்முடுகி நாலாவதுல திரும்ப ஆர்முடுகியிருக்கான்" எண்டான். கேக்க நல்ல கெட்டிக்காரத்தனமா இருக்கு, ஆனா கத்தின சத்தம் காதுல விழுந்து விரல் அமத்த 0.2 செக்கன் போகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். அளக்கிற கருவி 0.2 ஆடுதெண்டா 0.3 வித்தியாசத்த வச்சு ஒருத்தன்ட காலுக்குக் கத எழுதக் கூடாது. திரும்ப நடக்க விடு, திரும்பவும் ரெண்டாவது துண்டு குறைஞ்சா நான் நம்புறன் எண்டன். நடந்தான், இந்த முறை ரெண்டாவது துண்டுதான் ஆகக் கூட. சிமுலேசன்ல கிடைக்காத பிழை எண்டு மேல சொன்னது இதத்தான்.

நடக்கிறதுட குறையும் அதே 0.2தான். 4 செக்கன்ல 0.2 எண்டா நூத்துக்கு 5, தாங்கலாம். ஒரு பந்த 1.5 மீற்றர்ல இருந்து விட்டா 0.55 செக்கன்ல கீழ கிடக்கும், அதுல 0.2 போனா மிச்சம் என்ன இருக்கு? ஆர்முடுகல் எண்ட விசயத்த ஸ்டொப்வோச்சால தொடவே ஏலாது, நடக்கிற ஆள் வெளிக்கிட்டு ஒரு செக்கனுக்குள்ள தன்ட வேகத்துக்கு வந்திடுவான், 5 மீற்றர் மட்டைக்கு அது தெரியாது. அதனாலதான் எங்கட வேக வரைபுல செங்குத்தாப் படிக்கட்டு வந்திச்சு, 16.1இல ஒரேயடியா 1.24இல இருந்து பூச்சியம். பிள்ளை கேட்டாள் அப்ப 16.1இல அவனுக்கு ரெண்டு வேகமா எண்டு. நல்ல கேள்வி. இல்ல, அங்க ஒரு சரிவு இருக்கு, எங்கட மட்டை அதப் பிடிக்கல்ல.

அந்தச் சரிவப் பிடிக்கத்தான் டிக்கர் ரைமர். நாங்க படிக்கக்குள்ள பள்ளிக்கூட லாப்ல ஒண்டு இருந்திச்சு, அலுமாரில பூட்டிக் கிடந்திச்சு, வருசத்துல ஒருக்கா வெளிய வரும், சேர் முன்னால செய்வார் நாப்பது பேர் எட்டி எட்டிப் பாப்பம். ஒரு கடதாசி நாடா தள்ளுவண்டிக்குப் பின்னால இழுபட்டுப் போகும், ஒரு சின்னத் தகடு அடிச்சு அடிச்சு காபன் தாளால அதுல புள்ளி போடும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால செக்கனுக்கு 50 புள்ளி, ரெண்டு புள்ளிக்கு இடையில 0.02 செக்கன். அமெரிக்கப் புத்தகத்துல 60 எண்டு போட்டிருக்கும், அத அப்பிடியே எடுத்தா விடை பிழைக்கும். அத நேரா 230 வோல்ட்ல குத்துற சாமானும் இல்ல, குறைஞ்ச வோல்ட் ஆடலோட்டம் (ஏசி) வாற பெட்டி ஒண்டு வேணும், வீட்டுல பரீட்சிச்சுப் பாக்க வெளிக்கிடாதீங்க.

ஆனா அதுட அழகு ஒண்டு இருக்கு, அத வேற ஒண்டும் தராது. அஞ்சு இடைவெளிக்கு ஒரு துண்டா நாடாவ வெட்டுற, ஒவ்வொரு துண்டும் 0.1 செக்கன். துண்டுகள பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஒட்டினா அதே வேக நேர வரைபு, கீறவே தேவல்ல. துண்டு 2.0 சென்ரிமீற்றர், 2.6, 3.2, 3.8 எண்டு வளந்தா, முதல் துண்டுட வேகம் செக்கனுக்கு 20, அடுத்தது 26, ஒவ்வொரு 0.1 செக்கனுக்கும் 6 கூடுது, அப்ப ஆர்முடுகல் 60, மீற்றர்ல சொன்னா 0.6. துண்டுட உயரம்தான் வேகம் எண்டது கண்ணுக்கு முன்னால நிக்கும். பள்ளிக்கூடத்துல லாப் திறந்து, பெட்டியும் வேலை செஞ்சு, நாடாவும் காபனும் இருந்தா ஒரு யோசனையும் வேணாம், அதச் செய்யுங்க. எங்களுக்கு அது கிடைக்கல்ல. இரவல் தர ஒருத்தரும் ஓம் படல்ல, அதுல பிழை சொல்லவும் ஏலாது, உடைஞ்சா அவங்கதானே பதில் சொல்லணும்.

அப்ப போன் வீடியோ. இதுதான் எனக்குப் பிடிச்சது, ஆனா பொறுமை வேணும். கூரைக்குப் பூட்டுற பீலி 2 மீற்றர்ல ஒண்டு அக்கா வீட்டுப் பின்பக்கம் கழட்டிக் கிடந்திச்சு. ஒரு தலைப்ப ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட உயத்தி கல்லுல வச்சம், விளிம்புல அளவு நாடாவ ஒட்டினம், கண்ணாடிப் போளை ஒண்ட மேல பிடிச்சு சும்மா விட்டம், தள்ளாம. போன ஒரு கதிரையில வச்சு பீலிட நடுவுக்கு நேரா நாலடி தள்ளினா ஓரத்துல எண் சரிவா தெரியும், அதனால பத்துப் பன்னெண்டு அடி பின்னுக்குப் போனம். வெயில் வெளிச்சம் வேணும். முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தம், போளை வால்வெள்ளி மாதிரி இழுபட்டுக் கிடந்திச்சு, வெளிச்சம் குறைஞ்சா சில போன் செக்கனுக்கு 30 படத்தயும் குறைச்சுப் போடும், அப்ப நேரக் கணக்கே பிழைச்சுப் போகும். அடுத்த நாள் பத்து மணிக்கு எடுத்தது நல்லா வந்திச்சு.

30 படம் ஒரு செக்கன் எண்டா 10 படம் மூண்டில ஒரு செக்கன். படம் படமா நகத்துற ப்ளேயர்ல வச்சு ஒவ்வொரு பத்தாவது படத்துலயும் போளை எங்க நிக்குதெண்டு வாசிச்சம்: 5, 20, 44, 80, 126, 179 சென்ரிமீற்றர். பிள்ளையள் இடைவெளியக் கழிச்சாங்க, 5, 15, 24, 36, 46, 53. அஞ்சால பிரிச்சுப் பாருங்க எண்டன். 1, 3, 5க்குக் கிட்ட, 7க்குக் கிட்ட, 9க்குக் கிட்ட, கடைசி 11க்குக் கொஞ்சம் குறைய. ஒற்றை எண் வரிசை. இது கலிலியோ பிடிச்ச சங்கதி, அந்தாளுக்கு ஸ்டொப்வோச்சும் இல்ல போனும் இல்ல, சரிஞ்ச பலகையில பந்த உருட்டிப் போட்டு, பாத்திரத்துல இருந்து மெல்லிசா ஒழுகின தண்ணிய நிறுத்து நேரம் கணக்குப் பாத்தவர். நேரா விழுற பந்து வேகம் கூட, அளக்க ஏலாது, அதனால சரிவுல விட்டு மெதுவாக்கினார். நாங்க பீலிய வச்சதும் அதுக்குத்தான். மருமகன் "400 வருசத்துக்கு முந்தின ஹோம்வேர்க்" எண்டான், சரிதான்.

இங்கயும் ஒரு பிழை காத்துக் கிடந்திச்சு. இடப்பெயர்ச்சி வரைபக் கீறினா கோடு மேல மேல வளைஞ்சு போகுது. ஒரு பொடியன் கேட்டான், "அங்கிள், பீலி கீழதானே இறங்குது, கோடு ஏன் மேல ஏறுது?" எண்டு. வரைபப் போட்டோ எண்டு நினைக்கிறது. மலையில ஏறி இறங்குற சைக்கிளுக்கு வேக வரைபு கீறச் சொன்னா மலைப் படத்தயே கீறித் தாற பிள்ளையள் எல்லா நாட்டுலயும் இருக்கு. நான் அவனுக்கு ஒண்டும் விளக்கல்ல, பீலிய அப்பிடியே தூக்கி மற்றப் பக்கம் சரிச்சு வச்சு அதே போளைய விட்டன், இப்ப கோடு எப்பிடி வரும் எண்டு கேட்டன். போளை விட்ட இடத்துல இருந்துதானே நாடாவ அளக்கிறம், அப்ப அதே கோடுதான் எண்டான். அச்சுல எழுதியிருக்கிறத வாசிக்கணும், பீலியப் பாக்கக் கூடாது.

வேக வரைபு கொஞ்சம் கரடுமுரடு. இடைவெளிய மூண்டால பெருக்கினா 15, 45, 72, 108, 138, 159. ஒவ்வொண்டும் அந்த இடைவெளிட நடு நேரத்துல குத்த வேண்டிய புள்ளி, கடைசில இல்ல, இதக் கனபேர் பிழையாத்தான் செய்றாங்க. அடுத்தடுத்த கூடுதலப் பாத்தா 30, 27, 36, 30, 21. ஒரு சென்ரிமீற்றர் வாசிப்புப் பிழை ரெண்டு தரம் கழிக்கக்குள்ள இப்பிடி ஊதிப் பெருக்குது. பிள்ளையள் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து மலைத்தொடர் மாதிரி வச்சிருந்தாங்க, அடிமட்டத்த வச்சு எல்லாப் புள்ளிக்கும் நடுவால ஒரு நேர்கோடு போடுங்க எண்டன், படித்திறன் 90க்குக் கொஞ்சம் குறைய வந்திச்சு, செக்கனுக்குச் செக்கன் 90 சென்ரிமீற்றர். லெப்டொப் இருக்கிறவங்க ட்ரக்கர் எண்ட இலவச மென்பொருளப் பாவிக்கலாம், அது போளையத் தானே துரத்திப் பிடிச்சு வரைபும் கீறித் தரும். ஏஎல் பிள்ளைக்கு ஓம். ஓஎல் பிள்ளைக்கு நான் குடுக்க மாட்டன், கீறுறதுலதான் படிப்பே இருக்கு.

கடைசியா மச்சான்ட சென்சர். ஜேர்மனில ஆஹன் யுனிவர்சிட்டிக்காரர் 2016இல விட்ட ஃபைபொக்ஸ் எண்ட ஆப் ஒண்டு இருக்கு, காசில்ல, போன்ல இருக்கிற சென்சர் எல்லாத்தயும் வரைபாக் காட்டும். பிள்ளையளுக்கு ஒரே புதினம். ஆனா அசையாம மேசையில கிடக்கிற போன் 9.8 ஆர்முடுகல் எண்டு காட்டக்குள்ள அவங்கட முகத்தப் பாக்கணுமே. புவியீர்ப்பச் சேத்துக் காட்டுது, சேக்காமக் காட்டுற பரிசோதனை அந்த ஆப்புல வேறயா இருக்கு, அத எடுத்தாலும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் கிடக்கும். அந்த ஆட்டம் ஒரு பக்கமா 0.05 எண்டு வைங்களேன், அதக் கூட்டிக் கூட்டி வேகம் எடுத்தா ஒரு நிமிசத்துல செக்கனுக்கு 3 மீற்றர் பிழை, இடம் எடுத்தா 90 மீற்றர் பிழை. மேசையில கிடந்த போன் கடலுக்குள்ள போயிருக்கும். அதனால ஆர்முடுகல் சென்சர்ல இருந்து இடப்பெயர்ச்சி கீறுற யோசனைய விட்டிடுங்க.

ஜிபிஎஸ் வேற. இடத்துல சில மீற்றர் பிழை இருக்கும், 30 மீற்றர் மணல்ல நடக்கிறதுக்கு உதவாது, ஆனா தூரம் கூடினா நல்லது, வேகத்தயும் அது தனியாக் கணிக்கும். ஞாயிற்றுக்கிழம விடியக் கல்லடிப் பாலத்துக்குப் போனம். 1924இல கட்டின லேடி மனிங் பாலமும் 2013இல திறந்த புதுப் பாலமும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, நீளம் 290 மீற்றருக்குக் கிட்ட. மருமகன் சைக்கிள்ல ஒரு தலைப்புல காலூண்டி நிண்டு வெளிக்கிட்டு மற்றத் தலைப்புல நிப்பாட்டணும், போன் பைக்குள்ள. கீழ ரெண்டு தோணி, வலை இழுக்கிறவங்க இவன் ஏன் தனிய இருந்து தனியச் சிரிக்கிறான் எண்டு பாத்திருப்பாங்க. 65 செக்கன் எடுத்திச்சு. வேக வரைபு வீட்ட வந்து பாத்தா கொஞ்சம் நடுங்கின சரிவகம், ஏறி, 5க்குக் கிட்ட கிடையா ஓடி, இறங்கி. கிராப் தாள்ல மாத்திக் கீறி, செக்கன் 10க்கு ஒரு கட்டம், வேகம் 1க்கு ஒரு கட்டம் எண்டு வச்சா ஒரு கட்டம் 10 மீற்றர். பிள்ளை கட்டம் எண்ணினாள், அரை அரையாச் சேத்து 28. "அப்ப பாலம் 280 மீற்றரா?" எண்டு கேட்டு அவளே விறைச்சுப் போனாள். பரப்பளவுதான் இடப்பெயர்ச்சி எண்டு அவள் கொப்பில மூண்டு தரம் எழுதியிருக்காள், ஆனா கடதாசில எண்ணின கட்டத்துக்குள்ள பாலம் இருக்கெண்டு அண்டைக்குத்தான் நம்பினாள்.

சென்சருக்கு ஒரு பெரிய பலம் இருக்கு எண்டதயும் சொல்லணும். ஹெதர் பிரசெல் எண்டவ 1987இல பிள்ளையள நடக்க விட்டு, நடக்க நடக்கவே வரைபக் காட்டினா நல்லா விளங்குது, அதே வரைப 20, 30 செக்கன் பிந்திக் காட்டினா அந்த நன்மை கிட்டத்தட்ட இல்லாமப் போகுது எண்டு கண்டவ. அப்ப நாங்க கடற்கரையில நடந்து வீட்ட வந்து கீறுறது மோசம்தானே எண்டு எனக்கும் யோசனை வந்திச்சு. மணல்ல உடனே கீற வைக்கிறது அதுக்குத்தான் ஓரளவு மருந்து எண்டு நினைக்கிறன், நடந்தவன்ட கால் இன்னும் சூடா இருக்கக்குள்ளயே குச்சி கைக்கு வந்திடுது. ஆனா ஓடிக்கொண்டு இருக்கக்குள்ளயே கோடு வாறத மணல் தராது, அத ஒத்துக்கொள்ளணும்.

அப்ப எத எடுக்கிற? ஓஎல் பிள்ளை, கோடு வெட்டுறது, கிடையா நிக்கிறது, கீழ இறங்குறது இதுலதான் தடுமாறுதெண்டா கடற்கரை, முற்றம், ஒழுங்கை எதுவும் காணும், ஸ்டொப்வோச்சு காணும், போன்ல வேற ஒண்டையும் திறக்காதீங்க. ஒரு பின்னேரத்துல முடிஞ்சிடும். ஆர்முடுகல்லதான் பிரச்சின எண்டா லாப்ப கேளுங்க, கிடைக்காட்டி பீலியும் போளையும், ஆனா ரெண்டு நாள் ஒதுக்குங்க, முதல் நாள் வெளிச்சத்துலயோ கோணத்துலயோ கெட்டுப் போகும். ஏஎல் பிள்ளையளுக்கு நேரா ட்ரக்கர், ஃபைபொக்ஸ், பிழைக் கணக்கோட. சின்ன வகுப்புக்கு ஜிபிஎஸ் எடுத்திட்டுப் போய் பஸ்ல கல்முனை வரைக்கும் வேகம் பாக்கிறது விளையாட்டுக்கு நல்லம், பஸ் நிக்கிற நிக்கிற இடமெல்லாம் பூச்சியத்துக்கு இறங்கும், எந்தக் கடையடி எண்டு பிள்ளையளே சொல்லுவாங்க. மச்சான் இதுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்குச் சென்சர் இல்லாட்டி விஞ்ஞானமே இல்ல. நான் ஒரு சாமானத்தான் எடுக்கலாம் எண்டா மணலும் மட்டையும்தான்.

போன வெள்ளிக்கிழம அதே வெட்டுற கோட்டுக் கேள்வியத் திரும்பக் குடுத்தன், ஆக்கள மட்டும் மாத்தி, ஒராள் ஓட்டோ ஒராள் லொறி. மூண்டு பேர் இடம் எண்டு எழுதினாங்க. நாலாவது ஆள் வேகம் எண்டு எழுதி வெட்டிப் போட்டு இடம் எண்டு எழுதி அதயும் வெட்டி வச்சிருந்தான். அவன இன்னொருக்கா நடக்க விடணும், இந்த முறை ரெண்டு பேரா, ஒருத்தன் முதலே வெளிக்கிடணும், மற்றவன் முந்தணும். பீலிய அக்கா திருப்பிக் கேட்டிட்டா, மாரி தொடங்க முதல் பூட்டணுமாம்.